மல்லி ஏன் மாலையில் மணக்கிறது? பூவுக்கும் பூச்சிக்கும் நடுவே நடக்கும் வேதியியல்

மயிலாப்பூர் மாட வீதியில் காலை 10 மணிக்கு மல்லிச்சரம் வாங்கினால் கிடைப்பது மொட்டுச்சரம்தான். இறுக மூடிய வெள்ளை முனை, அடியில் இளம்பச்சைக் காம்பு. மூக்கருகே கொண்டுபோனால் பச்சை இலை வாடைதான் கொஞ்சம் வரும். அதே சரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் மாநகரப் பேருந்தில் ஏறினால், இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கும் மணக்கும். விடியற்காலையில் செடியிலிருந்து பறித்து, மூட்டையில் கோயம்பேடு வந்து, நாரில் கட்டப்பட்டு, வேரும் இலையும் இல்லாமல் ஒரு பகல் முழுவதையும் கழித்த மொட்டு அது. அப்படியும் தன் நேரம் வந்ததும் இதழ் விரிக்கிறது. வாசத்தைத் தயாரித்து வெளியே விடுகிறது.

தயாரிக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மொட்டுக்குள் வாசம் அடைபட்டுக் கிடக்கிறது, இதழ் விரிந்ததும் வெளியே வருகிறது என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறோம். ஆனால் மொட்டில் இருப்பது பெரும்பாலும் மணமில்லாத மூலப்பொருள். வாச மூலக்கூறுகளில் ஒரு பகுதி சர்க்கரையோடு பிணைந்து கிடக்கும். அந்தப் பிணைப்பு இருக்கும்வரை அவை காற்றில் பறக்காது. இதழ் விரியும் நேரத்தில் நொதிகள் வந்து பிணைப்பை வெட்டிவிடுகின்றன. மீதிப் பகுதி அந்த நேரத்தில்தான் இதழின் மேல்தோல் செல்களில் உருவாகிறது. பிரான்சில் வாசனைத் திரவியம் செய்தவர்களுக்கு இது அனுபவத்திலேயே தெரிந்திருந்தது. மல்லியையும் நிலச்சம்பங்கியையும் கொழுப்பு தடவிய கண்ணாடித் தட்டில் பரப்பி ஒரு நாள் அப்படியே விட்டுவிடுவார்கள். பறித்த பிறகும் அந்தப் பூக்கள் மணத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். கொழுப்பு அதை முழுக்க இழுத்துக்கொள்ளும்.

சரி, மல்லியின் வாசத்தில் என்னதான் இருக்கிறது? பல சேர்மங்களின் கலவை அது. அதில் லினலூல் முக்கியமானது. தனியாவை இடிக்கும்போது வரும் மணத்துக்கும் பெரும்பங்கு காரணம் இதே லினலூல்தான். பழ வாடை அடிக்கும் பென்சைல் அசிடேட் உண்டு. திராட்சை மிட்டாயில் செயற்கை வாசனைக்குச் சேர்க்கும் மெத்தில் ஆந்த்ரனிலேட் உண்டு. ஆல்ஃபா ஃபார்னசீன் உண்டு. இவற்றோடு இண்டோல் என்ற ஒன்றும் இருக்கிறது. நைட்ரஜன் சேர்ந்த இந்த மூலக்கூறு மனித மலத்திலும் இருக்கிறது. செறிவு கூடினால் குமட்டும். மல்லியில் மிகச் சிறிய அளவில், மற்ற சேர்மங்களுக்கு நடுவே இருப்பதால்தான் அந்த மணத்துக்கு ஒரு கனம் வருகிறது. செயற்கை மல்லி வாசனை தயாரிப்பவர்கள் இண்டோலை விட்டுவிட்டால் அது மல்லி மாதிரி இருப்பதில்லை.

பூக்களின் வாசத்தில் இதுவரை 1,700-க்கும் மேற்பட்ட சேர்மங்கள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. 2006-இல் வெளியான ஒரு தொகுப்பு சுமார் 990 தாவரங்களைப் பார்த்துச் சொன்ன கணக்கு அது. எண்ணிக்கை பெரிதாகத் தெரிந்தாலும், செடி இவற்றைச் செய்யும் வழிகள் சிலதான். லினலூல் போன்ற டெர்பீன்கள் ஒரு வழி. ஃபினைல் அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து பென்சைல் அசிடேட், யூஜினால் போன்றவற்றைச் செய்வது இன்னொரு வழி. கொழுப்பு அமிலங்களை உடைத்துச் செய்வது மூன்றாவது வழி. ஜாதிமல்லி எண்ணெயிலிருந்து 1962-இல் பிரித்தெடுக்கப்பட்ட மெத்தில் ஜாஸ்மோனேட் இந்த மூன்றாவது வகையில் வரும். பூச்சி கடித்த செடி தன் தற்காப்பைத் தட்டி எழுப்பப் பயன்படுத்தும் சமிக்ஞையும் அதே சேர்மம்தான் என்பது பின்னாளில் தெரியவந்தது. பூவில் மணமாக இருப்பது இலையில் எச்சரிக்கையாக இருக்கிறது.

இந்த மூலக்கூறுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான குணம், சிறியவை, எளிதில் ஆவியாகக்கூடியவை. அதனால் அவை செல்லிலிருந்து தாமாகவே கசிந்து வெளியேறும் என்றுதான் நெடுங்காலம் நம்பப்பட்டது. 2017-இல் பெட்டூனியாப் பூவில் நடந்த ஆய்வு அதை மாற்றியது. செல் சவ்வில் உட்கார்ந்திருக்கும் ஒரு கடத்துப் புரதம் அவற்றைப் பிடித்து வெளியே தள்ளுகிறது. அந்தப் புரதத்தின் அளவைக் குறைத்தால் வாசம் உள்ளேயே தேங்குகிறது, சவ்வு கெடுகிறது. ஆக, மணம் பூவுக்கே ஆபத்தான சரக்கு. அதைச் செலவழித்துச் செய்து, கவனமாக வெளியேற்ற வேண்டியிருக்கிறது. இத்தனை பாடு எதற்கு என்றால், மகரந்தத்தைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டும், அதற்குத்தான்.

நேரம் இங்கே முக்கியம். வெள்ளை நிறம், இருட்டும்போது மலர்தல், தூக்கலான மணம் மூன்றும் சேர்ந்திருந்தால் அந்தப் பூ பெரும்பாலும் அந்துப்பூச்சியை எதிர்பார்க்கும் பூ. பகலில் மணத்தைச் செலவழிப்பது அதற்கு வீண். செடிக்குள் ஓடும் உயிர்க்கடிகாரம் வாச மரபணுக்களைச் சாயங்காலம் முடுக்கிவிடுகிறது. பெட்டூனியாவில் அந்தக் கடிகார மரபணுவை மாற்றினால் மணம் தப்பான நேரத்தில் வெளிவருகிறது. மகரந்தச் சேர்க்கை முடிந்துவிட்டால் பெட்டூனியா உட்படப் பல பூக்கள் மணத்தைக் குறைத்துவிடும்.

தோட்ட மல்லி இதில் ஒரு பரிதாபமான நிலையில் இருக்கிறது. நாம் வளர்க்கும் குண்டுமல்லி காய்ப்பது மிக அபூர்வம். பதியன் போட்டும் குச்சி நட்டும்தான் பெருக்குகிறோம். தலைமுறை தலைமுறையாக அடுக்கு இதழுக்காகவும் மணத்துக்காகவும் மனிதன் தேர்ந்தெடுத்த செடி அது. அழைப்பு அப்படியே இருக்கிறது, விதைதான் இல்லை. இந்த அழைப்பு உண்மையிலேயே வேலை செய்வதைச் சென்னையில் பார்க்க வேண்டுமானால் மரமல்லிக்கு அடியில் நிற்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் பழைய குடியிருப்புகளிலும் கல்லூரி வளாகங்களிலும் காலையில் தரையெல்லாம் வெள்ளையாகக் கொட்டிக் கிடக்குமே, அந்தப் பூ. ஒன்றை எடுத்துப் பாருங்கள். விரல் நீளத்துக்கு மெல்லிய குழாய், நுனியில் சின்ன இதழ்கள். தேன் அடியில் இருக்கிறது. தேனீயின் நாக்கு அங்கே எட்டாது. ஹாக்மாத் எனப்படும் பெரிய அந்துப்பூச்சிகளுக்கு உடம்பைவிட நீண்ட உறிஞ்சுகுழல்கூட இருக்கும். பூவின் முன்னால் அந்தரத்தில் சிறகடித்தபடியே நின்று, சுருட்டி வைத்திருக்கும் குழலை நீட்டிக் குடித்துவிட்டுப் போகும்.

வீட்டு வாசலில் கொடியாக ஏறும் ரங்கூன் மல்லியில் இதன் நீட்சியைக் காணலாம். இரவில் வெள்ளையாக மலர்வது மறுநாள் இளஞ்சிவப்பு, அதற்கடுத்து அடர்சிவப்பு. வெள்ளையாக இருக்கும்போது மணம் அதிகம், வருவது அந்துப்பூச்சி. நிறம் ஏற ஏற மணம் குறைகிறது, வருவது தேனீயும் வண்ணத்துப்பூச்சியும். ஒரே கொத்தில் இரண்டு வேளைக்கும் ஆள் பிடிக்கும் ஏற்பாடு.

பூச்சி இதையெல்லாம் எப்படி முகர்கிறது? அதன் மூக்கு உணர்கொம்புகளில் இருக்கிறது. அவற்றின் மேல் நுண்ணிய மயிர்கள், மயிர்களில் அதைவிட நுண்ணிய துளைகள். வாச மூலக்கூறு துளை வழியே நுழைந்ததும் ஒரு புரதம் அதை ஏந்திக்கொண்டு நரம்புசெல்லின் ஏற்பியிடம் சேர்க்கிறது. தேனீக்கு இத்தகைய ஏற்பி வகைகள் சுமார் 170. அங்கிருந்து கிளம்பும் நரம்புகள் மூளையின் முன்பகுதியில் சுமார் 160 சிறு முடிச்சுகளில் வந்து சேர்கின்றன. ஒரு வாசம் வந்தால் குறிப்பிட்ட சில முடிச்சுகள் மட்டும் விழிக்கும். எவை, எந்த அளவில் விழிக்கின்றன என்ற அமைப்புதான் தேனீக்கு அந்தப் பூவின் அடையாளம்.

இதனால்தான் ஒரு சேர்மத்தின் பெயரைச் சொல்லி 'இதுதான் பூச்சியை இழுக்கிறது' என்று பெரும்பாலும் சொல்ல முடியாது. லினலூல் நூற்றுக்கணக்கான பூக்களில் இருக்கிறது. விகிதம்தான் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரிக்கிறது. துவரம்பருப்பு, புளி, மிளகாய், தனியா இவற்றின் அளவை மாற்றினால் சாம்பார் ரசமாகிவிடுவது போலத்தான். தேனீ இந்த விகிதத்தைக் கற்றுக்கொள்ளும். ஒரு வாசத்தோடு சர்க்கரைநீர் கொடுத்துப் பழக்கினால், அடுத்து அந்த வாசம் வந்ததுமே நாக்கை நீட்டிவிடும். சோதனைக்கூடங்களில் தேனீயின் நினைவாற்றலை அளப்பதே இந்த நாக்கு நீட்டலை வைத்துத்தான். அந்துப்பூச்சிகள் பலவற்றுக்கு இரவுப்பூ மணத்தின் மீது பிறவியிலேயே நாட்டம் உண்டு. அதற்கு மேல் அவையும் கற்றுக்கொள்கின்றன.

ஆனால் ஒரே சேர்மம் தனியாக நின்று பூச்சியைப் பைத்தியமாக்கும் உதாரணங்களும் இருக்கின்றன. அதில் ஒன்று நம் மாம்பழத்தோடு சம்பந்தப்பட்டது.

சித்திரையில் சென்னைச் சாலைகளில் கொன்றை பூக்கும். இலையே தெரியாமல் மஞ்சள் சரங்கள் தொங்கும். அந்தப் பூவில் தேன் கிடையாது. மகரந்தத்துக்காகக் கருவண்டுகள் வருகின்றன. பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து, மகரந்தப்பையின் சிறு துளை வழியே தூளை உதிரவைக்கின்றன. பக்கத்தில் நின்றால் அந்த ரீங்காரம் தனியாகக் கேட்கும். கருவண்டு போக, கொன்றையைத் தேடி இன்னொரு கூட்டமும் வருகிறது: பழ ஈக்கள், அதிலும் ஆண் ஈக்கள் மட்டும். அவற்றை இழுப்பது பூவில் உள்ள மெத்தில் யூஜினால். கிராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜினாலோடு ஒரு மெத்தில் தொகுதி கூடுதலாகச் சேர்ந்தால் இது. துளசி வகைகள் சிலவற்றிலும் உண்டு.

இந்த ஈர்ப்பு கண்டுபிடிக்கப்பட்டது இந்தியாவில்தான். பீகாரில் உள்ள பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பூச்சியியல் வல்லுநராக இருந்தவர் ஹவ்லெட். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் கொசுவை விரட்டக் கைக்குட்டையில் சிட்ரனெல்லா எண்ணெய் தடவிக்கொண்டார். வந்தது என்னவோ பழ ஈக் கூட்டம். ஹவ்லெட் அந்த ஈக்களைப் பார்த்தபோது அத்தனையும் ஆண். 1912-இல் இதைப் பதிவு செய்தார். எண்ணெயில் இருந்த மெத்தில் யூஜினால்தான் காரணம் என்பதை 1915-இல் வெளியிட்டார்.

ஆண் ஈ ஏன் இப்படி அலைகிறது? அது மெத்தில் யூஜினாலை நக்கித் தின்கிறது. உடலுக்குள் அதை வேறு சேர்மங்களாக மாற்றி, மலக்குடல் சுரப்பியில் சேமித்து வைக்கிறது. அந்தி நேரத்தில் பெண் ஈயைக் கவர அதைக் காற்றில் விடுகிறது. மெத்தில் யூஜினால் தின்ற ஆண்களுக்கு இணை கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது. பூவின் வாசம் பூச்சியின் காதல் வாசமாக மாறிவிடுகிறது. தென்கிழக்கு ஆசியாவில் சில காட்டு ஆர்க்கிட்கள் இந்தப் பேராசையை வைத்தே பிழைக்கின்றன. தேன் எதுவும் தராமல், மெத்தில் யூஜினாலையோ அதையொத்த சேர்மத்தையோ மட்டும் கொடுத்து, ஈயின் முதுகில் மகரந்தக் கட்டியை ஒட்டி அனுப்புகின்றன.

பெண் ஈ முதிர்ந்த மாங்காயின் தோலைத் துளைத்து முட்டையிடும். நன்றாக இருக்கும் என்று நம்பி வெட்டிய பழத்தின் சதைக்குள் வெள்ளைப் புழுக்கள் நெளிவது அதனால்தான். மாந்தோப்புகளில் பிளாஸ்டிக் டப்பாவில் சிறு மரக்கட்டை தொங்குவதைப் பார்த்திருக்கலாம். அந்தக் கட்டையில் மெத்தில் யூஜினாலும் பூச்சிக்கொல்லியும் ஊறியிருக்கும். ஆண் ஈக்கள் அதில் விழுந்து சாக, பெண் ஈக்களுக்கு இணை இல்லாமல் போகிறது. பழத்தின் மேல் மருந்து அடிக்காமலேயே சேதம் குறைகிறது. ஒரு பூ வாசத்தைப் புரிந்துகொண்டதால் கிடைத்த பலன்களில் இதைவிட நேரடியானது எனக்குத் தெரிந்து வேறில்லை.

எல்லாப் பூவும் நறுமணம் தருவதில்லை. சேனைக்கிழங்கு போட்ட தோட்டத்தில், மழைக்குப் பிறகு இலை வருமுன் மண்ணிலிருந்து நேரடியாக ஒரு பெரிய கருஞ்சிவப்புப் பூங்கொத்து எழும்புவது உண்டு. வீட்டில் எலி செத்துக் கிடக்கிறதோ என்று மூலை முடுக்கெல்லாம் தேட வைக்கும் நாற்றம் அதற்கு. சேனையின் இனத்தைச் சேர்ந்த பல செடிகள் டைமெத்தில் டைசல்ஃபைடு, டைமெத்தில் டிரைசல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மங்களை விடுகின்றன. அழுகும் இறைச்சியிலிருந்து வெளிவருவதும் இவைதான். பிணத்தில் முட்டையிடும் ஈக்களும் வண்டுகளும் அதை நம்பி வருகின்றன. பூங்கொத்தின் நடுத்தண்டு சூடாகவும் ஆகும். சூடு நாற்றத்தை வேகமாக ஆவியாக்கிப் பரப்புகிறது. இந்தச் சேம்புக் குடும்பத்துச் செடி ஒன்றில் சூட்டைக் கிளப்பிவிடும் பொருள் சாலிசிலிக் அமிலம் என்பது 1987-இல் தெரியவந்தது. ஆஸ்பிரின் மாத்திரையின் நெருங்கிய சொந்தம் அது. வந்த பூச்சிக்கு இங்கே சாப்பாடும் இல்லை, முட்டையிட இடமும் இல்லை. மகரந்தம் மட்டும் ஒட்டிக்கொள்ளும்.

மனோரஞ்சிதமும் ஏமாற்றுக்காரப் பூதான், ஆனால் இனிமையான வழியில். எந்தப் பழத்தை நினைத்துக்கொண்டு முகர்ந்தாலும் அந்தப் பழம் போலவே மணக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பழங்களின் மணத்துக்குக் காரணமான எஸ்டர்கள் அந்தப் பூவிலும் இருப்பதால் வந்த பேச்சு அது. கனிந்த பழத்தைத் தேடி அலையும் சிறு வண்டுகள்தான் அதன் விருந்தாளிகள். சீத்தாப் பூவுக்கும் அதே வகை வண்டுகள்தான்.

அப்புறம் அத்தி. 'அத்தி பூத்தாற்போல' என்று நாம் சொல்வதும், அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை என்பதும் ஒரே தாவரவியல் உண்மையின் இரண்டு பக்கங்கள். அத்தி, ஆல், அரசு மூன்றிலும் நூற்றுக்கணக்கான பூக்கள் காய் என்று நாம் நினைக்கும் உருண்டைக்குள்ளேயே பூத்து முடிகின்றன. உள்ளே நுழைய ஒரே ஒரு சிறு துளை. அதில் புகக்கூடியது அந்தந்த மரத்துக்கென்றே இருக்கும் குளவி. கொசுவைவிடச் சிறியது, வளர்ந்த பிறகு ஓரிரு நாள்தான் உயிரோடு இருக்கும். இறக்கை பிய்ந்துபோகும் அளவுக்கு நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே போய், மகரந்தத்தைச் சேர்த்து, முட்டையிட்டுச் சாகிறது. பிட்டுப் பார்க்கும்போது தெரியும் 'சொத்தை' இந்தக் குடும்பம்தான்.

இத்தனை குறைந்த ஆயுளில், இத்தனை சிறிய பூச்சி, பூவே வெளியே தெரியாத சரியான மரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? வாசத்தால்தான். பூக்கள் தயாரான நாட்களில் மட்டும் அந்த உருண்டை ஒரு தனிக் கலவையை விடுகிறது. குளவி நுழைந்து வேலை முடிந்ததும் கலவை மாறிவிடுகிறது. ஆசியாவில் பரவலாக உள்ள ஓர் அத்தி வகை 4-மெத்தில் அனிசோல் என்ற ஒரே சேர்மத்தால் தன் குளவியை அழைக்கிறது. ஆப்பிரிக்காவின் நமீபியாவில் மரபணுச் சோதனை வைத்துப் பார்த்தபோது, அத்திக் குளவிகள் காற்றில் ஏறி 160 கிலோமீட்டர்வரைகூட மகரந்தத்தைக் கொண்டுபோயிருந்தன. கடைசிக் கட்டத்தில் காற்றிலிருந்து இறங்கச் சொல்வது வாசம்தான். அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தின் ஆலமரம் 1989-இல் புயலில் தாய்த்தண்டை இழந்த பிறகும் விழுதுகளில் நின்று காய்க்கிறது. அந்தக் காய்களுக்குள்ளும் இதே கதைதான் நடந்துகொண்டிருக்கிறது.

வரவழைப்பதோடு பூவின் வேலை முடிவதில்லை. வந்த பூச்சி எவ்வளவு நேரம் இருக்க வேண்டும், எவ்வளவு குடிக்க வேண்டும், திரும்ப வர வேண்டுமா என்பதையும் வேதிப்பொருள்களே தீர்மானிக்கின்றன. அமெரிக்காவின் காட்டுப் புகையிலையில் 2008-இல் நடந்த ஒரு களச்சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. அந்தப் பூவின் மணத்தில் பென்சைல் அசிட்டோன் இருக்கிறது, தேனில் நிக்கோட்டின் இருக்கிறது. ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தார்கள். மணத்தை நீக்கினால் பூச்சிகளும் தேன்சிட்டை ஒத்த ஹம்மிங் பறவைகளும் வருவது குறைந்தது. நிக்கோட்டினை நீக்கினால் வந்தவை ஒரே பூவில் உட்கார்ந்து நிறையக் குடித்தன. நிக்கோட்டின் இருந்தால் கொஞ்சம் குடித்துவிட்டு அடுத்த பூவுக்குப் போய்விடுகின்றன. மகரந்தம் பல செடிகளுக்குப் பரவ வேண்டும் என்றால் விருந்தாளி ஒரே வீட்டில் தங்கக்கூடாது.

காப்பிப் பூ இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. ஏற்காட்டிலும் குடகிலும் கோடைமழை விழுந்த சில நாட்களில் காப்பித் தோட்டம் வெள்ளை வெளேரென்று பூக்கும், மணமும் கிட்டத்தட்ட மல்லி மாதிரி. அதன் தேனில் காஃபின் இருக்கிறது. கசப்பு தெரியாத அளவு. 2013-இல் பிரிட்டனில் நடந்த சோதனையில், காஃபின் கலந்த சர்க்கரைநீர் குடித்த தேனீக்கள் ஒரு நாள் கழித்தும் அந்தப் பூவாசத்தை நினைவில் வைத்திருந்தன. வெறும் சர்க்கரைநீர் குடித்தவற்றைவிட மும்மடங்கு தேனீக்கள் நினைவு வைத்திருந்தன. எலுமிச்சை, ஆரஞ்சுக் குடும்பத்துப் பூக்களின் தேனிலும் காஃபின் உண்டு. வேண்டாதவர்களைத் தள்ளிவைக்கவும் மணம் பயன்படுகிறது. மகரந்தம் சுமக்காமல் தேனை மட்டும் திருடிப்போகும் எறும்புகளை லினலூல் போன்ற பூவாசச் சேர்மங்கள் விரட்டுவது சோதனைகளில் தெரிந்திருக்கிறது.

இவ்வளவு நுணுக்கமான ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு நம்பிக்கையில் நிற்கிறது. பூவிலிருந்து கிளம்பிய கலவை, விகிதம் மாறாமல் பூச்சியின் உணர்கொம்பைச் சென்று சேரும் என்பதுதான் அது. சென்னை போன்ற நகரத்தில் அந்த நம்பிக்கைக்குத்தான் ஆபத்து வந்திருக்கிறது.

பூவாச மூலக்கூறுகள் பலவற்றில் இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. ஓசோனும், மற்றவற்றோடு சட்டென்று வினைபுரியும் 'நைட்ரேட் உறுப்பு' என்ற வேதித் துகளும் முதலில் பாய்வது அங்கேதான். வாகனப் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் வெயிலில் ஓசோனை உண்டாக்குகின்றன. இரவில் அதே நைட்ரஜன் டைஆக்சைடும் ஓசோனும் சேர்ந்து நைட்ரேட் உறுப்பாகின்றன. வெயில் பட்டால் அது சிதைந்துவிடும் என்பதால் இருட்டில்தான் சேர்ந்து நிற்கும். ஆக, பகல் பூவை ஓசோன் பார்த்துக்கொள்கிறது, இரவுப் பூவை நைட்ரேட் பார்த்துக்கொள்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தினர் 2008-இல் கணித மாதிரி போட்டுப் பார்த்தபோது, தூய காற்றில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போன பூவாசம், பெருநகரப் புகை படிந்த காற்றில் 200 - 300 மீட்டரில் கரைந்துவிட்டது.

தூரம் குறைவது மட்டும் பிரச்சினை இல்லை, விகிதம் கெடுவது அதைவிட மோசம். 2013-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் கடுகு இனப் பூவின் மணத்தில் டீசல் புகையைக் கலந்து பார்த்தார்கள். எட்டுச் சேர்மங்களில் இரண்டு ஒரு நிமிடத்துக்குள் காணாமல் போயின. அவற்றில் ஒன்று மல்லியிலும் இருக்கும் ஆல்ஃபா ஃபார்னசீன். அந்த இரண்டும் இல்லாத கலவையைக் கொடுத்தபோது, முழு மணத்தைக் கற்றிருந்த தேனீக்கள் பல அதை அடையாளம் காணவில்லை. 2024-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு இரவுப் பூக்களை எடுத்துக்கொண்டது. நைட்ரேட்டால் சிதைந்த மணத்தை வைத்துப் பார்த்தபோது, காட்டு ஹாக்மாத்கள் அந்தப் பூவுக்கு வருவது 70 சதவீதம் குறைந்தது.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. பெங்களூருவில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்தவர்கள், மஞ்சள் மணிப்பூக்கள் பூக்கும் டெகோமாச் செடிகளுக்கு வரும் மலைத்தேனீக்களை நகரின் வெவ்வேறு இடங்களில் பிடித்துப் பார்த்தார்கள். 2020-இல் முடிவு வெளியானது. மாசு மிகுந்த இடத்தில் பிடித்தவற்றில் 80 சதவீதத்துக்கும் மேல் ஒரு நாளுக்குள் இறந்துபோயின. சுத்தமான இடத்துத் தேனீக்களில் அந்த அளவு மிகக் குறைவு. அவற்றின் இதயத்துடிப்பும் இரத்த அணுக்களும்கூட மாறியிருந்தன. சென்னையின் சாலை நடுத்திட்டுகளில் நாம் நட்டிருக்கும் செடிகளில் டெகோமாவும் ஒன்று. அந்தப் பூவுக்கு வரும் தேனீ, அண்ணா சாலையின் புகைக்குள் புகுந்துதான் வர வேண்டும். மேம்பாலத்துக்குக் கீழே செடி வைப்பதைப் பசுமை என்று சொல்லி நிறுத்திக்கொள்வது போதாது என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம். பூ இருக்கிறது, பூச்சி இருக்கிறது, நடுவில் உள்ள காற்று இரண்டையும் சந்திக்க விடவில்லை என்றால் அந்தச் செடி அலங்காரம் மட்டுமே.

பூச்சிகளும் சும்மா இருப்பதில்லை. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தினர் 2020-இல் புகையிலை ஹாக்மாத்தை வைத்துச் செய்த சோதனையில், ஓசோனால் மாறிப்போன பூவாசம் முதலில் அதைக் கவரவில்லை. ஆனால் கண்ணால் பூவைக் கண்டுபிடித்துத் தேன் குடித்த பிறகு, அந்த மாறிய வாசத்தையே தேனின் அடையாளமாகக் கற்றுக்கொண்டது. கற்க முதலில் பூ கண்ணில் பட வேண்டும். சாலையோரத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாக நடுவதைவிட, தெருவிளக்கின் கண்கூசும் வெளிச்சத்திலிருந்தும் வாகன நெரிசலிலிருந்தும் தள்ளி, பூங்காவின் உட்பகுதியிலோ பள்ளி வளாகத்திலோ மரமல்லி, பவழமல்லி, ரங்கூன் மல்லியைக் கும்பலாக நடுவது இந்த நகரத்தின் அந்துப்பூச்சிகளுக்கு அதிகம் உதவும். வெள்ளைப் பூக்கள் அடர்ந்து இருந்தால், மணம் பாதி வழியில் அறுந்தாலும் மீதித் தூரத்தைக் கண் பார்த்துக்கொள்ளும்.